நெற்றி இல்லாத கேமரா

சிம்மக்கல்லில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே, ஓர் ஏணியைக் குறுக்கே சாத்தினால் அடைத்துக்கொள்கிற அகலத்தில் ஒரு கடை உண்டு. அதன் முதலாளியும் அழகுபாண்டிதான், ஏணி சுமக்கிறவரும் அழகுபாண்டிதான். மதுரைக்கு மேற்கே செக்கானூரணிப் பக்கம் ஊர். ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்து, மொட்டைமாடிகளில் டிஷ் மாட்டி, கடைசியில் கண்காணிப்புக் கேமராவில் வந்து நின்றவர். எதையாவது சுவரில் ஏற்றுவதுதான் தன் தலையெழுத்து என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய அப்பாவும் காவல் வேலைதான் பார்த்தார். தென்னந்தோப்புக் காவல். தோப்புக்குள் நடக்கும்போது கனைத்துக்கொண்டே நடப்பாராம். கிணற்றடியில் குளிக்கிற பெண்கள் சேலையைச் சரிசெய்துகொள்ள வேண்டுமே என்பதற்காக. கேமராவுக்குக் கனைப்பும் கிடையாது, இருமலும் கிடையாது. அதெல்லாம் அழகுபாண்டியை அப்போது உறுத்தவில்லை. கேமரா மாட்டப் போகிற இடத்தில் எல்லாம் ஒரே வசனத்தை எடுத்துவிடுவார்: "தப்பு செய்யாதவன் எதுக்குண்ணே இதப் பாத்துக் கூசணும்?" அந்த வசனத்துக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது.

சொந்த வீட்டிலும் ஒன்று மாட்டியிருந்தார். ஊர்க் கடைசியில் தனியாக நிற்கும் வீடு. மனைவி முனீஸ்வரி வேலைக்குப் போய் வருகிறவள், மகள் தாமரைச்செல்வி காலேஜுக்குப் போகிறவள். கூடத்து மூலையில் இருந்துகொண்டு அந்தக் கேமரா கூடத்தையும் வாசலையும் சேர்த்தே பார்க்கும். அழகுபாண்டி சிம்மக்கல்லில் டீ குடித்தபடி போனில் வீட்டைப் பார்ப்பார். உடனே போன் அடிப்பார்.

"யாரு அது, வாசல்ல நின்னு இம்புட்டு நேரம் பேசிட்டுப் போறது?"

"சிலிண்டர்காரரு."

"சிலிண்டருக்கு எதுக்கு அம்புட்டு சிரிப்பு?"

முனீஸ்வரி போனை வைத்துவிடுவாள். கோபக்காரி இல்லை. சொல்ல வேண்டியதை உடனே சொல்கிற பழக்கமும் இல்லை. அந்த இரண்டாவது குணம் அழகுபாண்டிக்கு எப்போதுமே சௌகரியமாக இருந்தது.

அவள் வேலை பார்த்தது திருமங்கலம் போகிற ரோட்டில் ஒரு தையல் கம்பெனியில். ஐரோப்பாவில் ஒரு பெரிய கம்பெனிக்குக் குழந்தைகள் சட்டை தைத்து அனுப்புவார்கள். அங்கே கேமரா வேலை எல்லாம் அழகுபாண்டியுடையது. மேனேஜர் ராஜேஷ்குமார், மதுரையின் பழைய சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். அம்மா போன் செய்தால் வீட்டுப் பாஷையில் கொஞ்சுவார், வைத்த மறுநொடியே தமிழில் பதறுவார். ஆர்டர் போய்விடுமோ என்ற பதற்றம் அவருக்குத் தூக்கத்திலும் இருந்திருக்கும்.

அந்த வருடம் ஆடி மாதம் அவர் அழகுபாண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணே, இருக்கிற கேமரா அத்தனையும் கழட்டணும்."

"நல்லாத்தான சார் ஓடுது?"

"ஓடுது. ஆனா எல்லாம் சைனா கேமரா. வாங்குறவங்க வேணாங்கிறாங்க. அந்த அரசாங்கம் கேமராவ வச்சு சொந்த ஜனங்களையே வேவு பாக்குதாம். அங்க ஒரு மூலையில இருக்கிற முஸ்லிம் ஜனங்களக் கூட்டங்கூட்டமா அடைச்சு வச்சதுக்கே இந்தக் கேமராதான் கூட நின்னுச்சாம். அந்தப் பாவம் எங்க சட்டையில ஒட்டக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

அழகுபாண்டி அதைக் கேட்டுவிட்டு மறந்துபோகிற ஆள் இல்லை. சாயங்காலம் கடையில் உட்கார்ந்து போனில் தேடினார். தெருவுக்குத் தெரு கேமரா, வீட்டுக் கதவு வரைக்கும் கேமரா, தொழுதாலும் குற்றம், தாடி வைத்தாலும் குற்றம் என்று ஒரு வீடியோவில் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னதைக் கீழே ஓடிய தமிழ் எழுத்தில் படித்தார். அவள் பேசிய பாஷை புரியவில்லை. அழுகை புரிந்தது. இப்படியும் ஓர் அரசாங்கமா என்று வாய்விட்டே சொன்னார். தான் இத்தனை வருடம் மாட்டிய பெட்டிகளில் அந்த நாட்டுப் பேர்தான் இருந்தது என்பது சங்கடமாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்கள்தான், நியாயம் என்றால் காசு பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

புதுக் கேமராக்கள் வந்தன. மேலே ஐரோப்பியப் பெயர், வழவழவென்ற அட்டைப்பெட்டி. ஒன்றில் ஒயர் ஒழுங்காக உட்காராததால் மூடியைத் திறந்தார். உள்ளே பச்சைத் தகட்டில் வரிசையாகச் சீன எழுத்து.

"சார், உள்ள அதே ஆளுதான் இருக்காப்ல."

ராஜேஷ்குமார் அக்கம்பக்கம் பார்த்தார். "மூடிருங்கண்ணே. வெளிய என்ன எழுதியிருக்குங்கிறதுதான் அவங்களுக்குக் கணக்கு."

அது போகட்டும். புதுக் கேமரா எங்கெங்கே வர வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்தே ஒரு வரைபடம் வந்திருந்தது. முன்பு வாசல், குடோன், லாரி ஏற்றுகிற இடம், அவ்வளவுதான். இப்போது தையல் வரிசை ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று, பெண்கள் கழிப்பறைக்குப் போகிற நடையில் ஒன்று. அத்தனையையும் அவர்கள் அங்கே இருந்தே நேரடியாகப் பார்ப்பார்கள்; பதிவு மட்டும் இங்கே கம்பெனிக் கணினியில் நிற்கும். அழகுபாண்டி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் அதேதான் வந்தது.

"சார், வேவு பாக்குறாகன்னுதான பழசக் கழட்டுனோம்?"

"ஆமாண்ணே."

"இப்ப அதவிட நெறையா மாட்டுறோம்?"

"ஆமாண்ணே."

"எனக்கு ஒண்ணும் வெளங்கலையே சார்."

"எனக்கு மட்டும் என்ன வெளங்குது? மாட்டுங்கண்ணே, ஆர்டர் வேணும்ல."

கழிப்பறை நடையில் ஏணி போட்டு ஏறியிருந்தபோது முனீஸ்வரி அந்த வழியாக வந்தாள். கம்பெனிக்குள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அன்று நின்று கேட்டாள்.

"இங்க எதுக்குங்க இது?"

"கம்பெனி சொல்லுது. ஒங்க பாதுகாப்புக்குத்தான்."

அவள் மேலே பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போகாமலே மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். அழகுபாண்டி திருகாணியை முறுக்கினார்.

கொஞ்ச நாளில் அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கிளாரா என்ற அம்மா நேரிலேயே வந்தார். தையல் பெண்கள் வாயில் அவர் கிளாரம்மா. நல்ல மனுஷி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார், பிள்ளைகள் பேரெல்லாம் விசாரித்தார். சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்து, மனித கண்ணியம் பற்றித் திரையில் படம் போட்டுப் பேசினார். ராஜேஷ்குமார் தமிழில் சொன்னார். புரொஜக்டர் ஒயரைப் பிடித்துக்கொண்டு அழகுபாண்டியும் ஓர் ஓரத்தில் நின்றார்.

ஒரு படத்தில் ஹாங்காங் தெரு. சீன அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய, முகமூடி போட்ட பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, கம்பத்து கேமரா மேல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கிளாரம்மா அந்தப் படத்தில் வெகுநேரம் நின்றார். தங்களை வேவு பார்க்கிற கண்ணை மறைத்த இந்தப் பிள்ளைகள் தைரியசாலிகள், உலகமே இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது, அது நடிப்பு இல்லை. பெண்கள் கை தட்டினார்கள். முனீஸ்வரி தட்டவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"அப்ப எங்க நடைல வச்சிருக்கிற கேமரா?"

ராஜேஷ்குமார் முகம் வெளுத்தது. அவர் ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ, கிளாரம்மா மலர்ந்து சிரித்து ஏதோ பதில் சொன்னார். "அங்க அரசாங்கம் பயமுறுத்த வைக்குது. இங்க ஒங்க பாதுகாப்புக்கு வச்சிருக்கோம்னு சொல்றாங்க" என்றார் ராஜேஷ்குமார். முனீஸ்வரி உட்கார்ந்துகொண்டாள். மனைவி சபையில் எழுந்து கேட்டது அழகுபாண்டிக்கு வெட்கமாகவும் இருந்தது, கேள்வி தன்னுடையதாகவும் இருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் முனீஸ்வரியை சூப்பர்வைசர் கூப்பிட்டு, நடைக் கேமராவின் பதிவைக் காட்டி, உள்ளே ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறான். பெண்ணுக்கு மாதத்தில் வருகிற நாள். அதை ஓர் ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? "வயித்து வலி" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு வந்திருக்கிறாள். இது அழகுபாண்டிக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவர் போனில் வீட்டைப் பார்த்தபோது, வேலையிலிருந்து வந்தவள் விளக்குக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். "கரண்டு பில்லு மிச்சமா?" என்று போனில் கேலி செய்தார். அவள் எழுந்து கேமராவுக்குத் தெரியாத அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் முந்தின நாளே பூஜை. தையல் மிஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, பெண்களை ஏற்றி வருகிற வேன், எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஆளுக்கொரு பொட்டலம் பொரி. அழகுபாண்டி தன் கடையில் ஏணிக்கும் டிரில்லுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று ராஜேஷ்குமாரின் போன்.

"அண்ணே, ஒடனே வாங்க. நடைக் கேமரா அவுட்டு. ஒரே செவப்பா இருக்கு."

போய்ப் பார்த்தால், லென்ஸின் நட்டநடுவில் அழுத்தமாக ஒரு குங்குமப் பொட்டு, அதற்குக் கீழே சந்தனம். அழகுபாண்டி சிரித்துவிட்டார். ராஜேஷ்குமார் சிரிக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து கடுதாசி வந்துவிட்டதாம். தொழிலாளர் யாரோ வேண்டுமென்றே கேமராவை மறைத்திருக்கிறார், பழைய பதிவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து வேலையிலிருந்து நீக்க வேண்டும், அதுவரை அடுத்த ஆர்டர் நிற்கும் என்று எழுதியிருந்தது.

"யாருன்னு பாருங்கண்ணே. நான் துணி அனுப்புற மில்லுக்காரங்ககூடப் பேசிட்டு வாரேன்."

கணினி அறையில் அழகுபாண்டி தனியாக உட்கார்ந்து பதிவை ஓட்டினார். பெண்கள் சந்தனக் கிண்ணத்தோடு போகிறார்கள், வருகிறார்கள். ஒருத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். திரை முழுக்க அவள் முகம் வந்து நின்றது. முனீஸ்வரி.

அவள் உடனே பொட்டு வைத்துவிடவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள். அதில் பயம் இல்லை, பக்தியும் இருந்த மாதிரி தெரியவில்லை. தினமும் போனில் அவளைப் பார்க்கிற அழகுபாண்டிக்கு இந்தப் பார்வை புதிது. தன்னைத்தான் பார்க்கிறாளோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது. அப்புறம் கட்டைவிரல் வந்தது. படம் சிவந்து, இருண்டது. இதைக் காட்டினால் அவள் வேலை இன்றைக்கே போகும்.

பதிவு சரியாக விழவில்லை, நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். முனீஸ்வரி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நடைக் கேமராவுல பொட்டு வச்சது நீயா?"

"ஆமா. எல்லா மிஷினுக்கும் வச்சோம். அதுவும் மிஷின்தான?"

"பொட்டுன்னா நெத்தியில வைப்பாக. கண்ணுலயா வைப்பாக?"

அவள் களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பினாள். "அதுக்கு நெத்தி எங்க இருக்கு? மொகம் பூராம் கண்ணுதான."

கேலியா, கோபமா, உண்மையிலேயே பூஜை நினைப்பில் வைத்தாளா? பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து அழகுபாண்டிக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கேமராவில் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

மறுநாள் ராஜேஷ்குமார் அறையில், கணினித் திரையில் கிளாரம்மா உட்கார்ந்திருந்தார். முகத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்ட சிரிப்பு இல்லை.

"ஆளு தெரிஞ்சுச்சாண்ணே?"

"நாந்தேன் சார் வச்சேன்."

ராஜேஷ்குமார் அவரைப் பார்த்தார். "நீங்க பூஜைக்கு வரவே இல்லையேண்ணே."

"வந்தேன் சார். நான் மாட்டுனதுக்கெல்லாம் நானே பொட்டு வைப்பேன். கை தவறிக் கண்ணுல வச்சுப்புட்டேன். பதிவு அன்னிக்கு விழவே இல்ல."

ராஜேஷ்குமாருக்கும் முனீஸ்வரி யாருடைய மனைவி என்று தெரியும். "ஆமா, வந்தீங்க" என்றார் கடைசியில். பிறகு திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆயுத பூஜையை விளக்க ஆரம்பித்தார். அவருடைய தறிக்கார முன்னோர் தறிக்குப் பொட்டு வைத்தது வரைக்கும் போனார்.

கிளாரம்மாவின் முகம் அப்படியே மாறியது. இரண்டு கையையும் கூப்பினார். உங்கள் பண்பாட்டை மதிக்கிறோம், தப்பாக நினைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு தொழிலாளி எதிர்ப்புக் காட்டியிருக்கிறாரோ என்று பயந்துவிட்டோம், அப்படி என்றால் ஏற்றுக்கொண்டிருக்க முடியாது என்றும் சொன்னார். ராஜேஷ்குமார் அதைத் தமிழில் சொன்னதும் அழகுபாண்டி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அந்தப் படத்துல பெயிண்ட் அடிச்ச புள்ளைகளத் தைரியசாலின்னாகளே. அதையே இங்க ஒருத்தி செஞ்சா மட்டும் எப்புடி குத்தமாகும்?"

இந்த முறை ராஜேஷ்குமார் மழுப்பவில்லை, உள்ளபடியே கேட்டுவிட்டார். அவருக்கும் எங்கோ பொறுக்காமல் போயிருக்க வேண்டும். கிளாரம்மா சற்று யோசித்தார். அது வேறு, அங்கே மக்களுக்கு வாய் திறக்கவே வழி கிடையாது, இங்கே நாங்கள் புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோமே என்றார். மனசார நம்பித்தான் சொன்னார். புகார்ப் பெட்டி சாப்பாட்டு அறையில், புதுக் கேமராவுக்கு நேர் கீழே இருந்தது. பெட்டி தெளிவாகத் தெரியட்டும் என்று கேமராவை இறக்கித் திருப்பி வைத்தவர் அழகுபாண்டியேதான்.

ஆர்டர் நிற்கவில்லை. நடைக் கேமராவுக்குக் கண்ணாடிக் கூடு போட்டு, பொட்டு வைக்க மேலே தனியாக இடம் விடச் சொல்லி உத்தரவு வந்தது. அழகுபாண்டி கூடு போட்டார். சாமிக்கு என்றால் மன்னிப்பு உண்டு, எதிர்ப்பு என்றால் குற்றம். அங்கே மறைத்தால் தைரியம், இங்கே மறைத்தால் வேலை போய்விடும். அப்படியானால் சீனாக்காரன் செய்தது சரியா? இல்லை, அந்தப் பெண் அழுத அழுகை பொய் இல்லை. கிளாரம்மா சொன்னதும் பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னவரேதான் இங்கே இதையும் செய்கிறார். பஸ்ஸில் வரும்போது இந்த நியாயத்தை இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் நழுவியது. காளவாசல் தாண்டும்போது யோசிப்பதை விட்டுவிட்டார்.

பூஜை நாளிலிருந்தே வீட்டுக் கேமராவும் போனில் இருட்டாகத்தான் தெரிந்தது. ஒட்டடை என்று நினைத்திருந்தார். கம்பெனி வேலை ஓய்ந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறினார். ஒட்டடை இல்லை. லென்ஸின் நடுவில் காய்ந்துபோன குங்குமம், கட்டைவிரல் ரேகையோடு இருந்தது.

கீழே முனீஸ்வரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுலயுமா?"

"அதுவும் மிஷின்தான?" என்றவள், விளையாட்டை அதோடு விட்டுவிட்டாள். "கம்பெனில சாமிக்கு வச்சதுன்னு சொன்னீகளாமே."

"ஒன் வேலைக்காகத்தான் சொன்னேன்."

"வேலை தப்பிச்சது, சந்தோசம். ஆனா நான் சாமிக்கு வைக்கல. எம்புட்டு நேரம் உள்ள இருந்தன்னு ஒரு ஆம்பள படத்தப் போட்டுக் காட்டிக் கேக்குறான். அன்னிக்கே செத்துறலாம் போல இருந்துச்சு. அதுக்குத்தான் வச்சேன்."

அழகுபாண்டி தன் கையைப் பார்த்தார். அந்தக் கேமராவுக்குத் திருகாணி முறுக்கிய கை இதோ ஈரத்துணியைப் பிடித்திருந்தது.

"எங்கிட்டச் சொல்லலையே நீ."

"நீங்கதான தெனமும் பாக்குறீக. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"சரி, அது கம்பெனி. இது நம்ம வீடு. இதுல எதுக்கு? நான் என்ன வேவா பாக்குறேன்? ஒங்க ரெண்டு பேரு பாதுகாப்புக்குத்தான."

முனீஸ்வரி சத்தத்தை உயர்த்தவில்லை. "கிளாரம்மாவும் அதத்தான சொன்னாக. சைனாக்காரவுகளும் அவுக ஜனத்துக்கிட்ட அதத்தான் சொல்லியிருப்பாக."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அழகுபாண்டி ஸ்டூல் மேலேயே நின்றார். தப்பு செய்யாதவன் எதுக்குக் கூசணும் என்ற பழைய வசனம் நாக்கு நுனி வரை வந்து, அவருக்கே கூச்சமாகித் திரும்பிப் போயிற்று. பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டைப் பார்த்தார். லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் அவர் முகம் இருந்தது. போனில் இருண்ட செங்கல் நிறம்தான் தெரிந்தது, அதில் அவரும் இல்லை.

அடுப்படியில் முனீஸ்வரி தாமரையிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தார், நினைவு வரவில்லை. என்ன சிரிப்பு என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பொட்டைத் துடைக்காமலே இறங்கினார். அடுப்படிப் பக்கம் நடந்தபோது, உள்ளே போகுமுன் ஒரு தரம் கனைத்துக்கொண்டார்.